சிவப்பு வளையம் போட்ட கன்றுகள்

“18.8.1984, சனிக்கிழமை. காலை களப்பார்வை. பிற்பகல் ஆய்வுக் கருத்தரங்கு: தாவர உயிரியலும் நுண்ணுயிரியலும். தேநீர் வழங்கப்படும்.”

மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து, ஸ்டென்சிலில் உருட்டி எடுத்த அந்த அறிவிப்பின் ஒரு படி என்னிடம் இருக்கிறது. பேச்சாளர்கள் மூன்று பேர், மூன்றாவது நான். தாளின் ஓரத்தில் அன்று காலை பென்சிலால் எழுதியிருக்கிறேன்: “மழை இல்லை. நல்லது.” அன்று காலை நான் பயந்தது மழைக்கு மட்டும்தான்.

எதற்கும் தேதி போடும் பழக்கம் எனக்கு ஆய்வுக்கூடத்தில் வந்தது. தேதி எழுதாத கண்ணாடித் தட்டை யாரும் கேட்காமலே குப்பையில் கொட்டிவிடுவார்கள். பிற்பாடு அந்தப் பழக்கம் வேறு வழியில் பயன்பட்டது. பேராக்கில் எந்தத் தோட்டம் எந்த ஆண்டு மறுநடவு செய்யப்பட்டது, எது எப்போது எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறியது, எது வீட்டுமனையானது என்று பல காலமாகக் குறித்து வருகிறேன். ஆசிரியர் சங்க மலர்களில் சிலவற்றை வெளியிட்டும் இருக்கிறார்கள். என் சொந்தக் கதையை மட்டும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். இப்போதும் அது முழுதாகத் தெளியவில்லை.

நான் பிறந்தது ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே மண்டோர். அதாவது, ஒரு பகுதி ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிறவர். அம்மா பால் வெட்டினார். தோட்டம் ஆட்களுக்குக் கொடுத்திருந்த அந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் விசாரித்த அளவில் அது சரிதான்.

பட்டம் வாங்கியபின் 1982-இல், பல்கலைக்கழகத்தின் ஈப்போ கிளையில் பயிற்றுநராகச் சேர்ந்தேன். ஒப்பந்த வேலை. வேலை செய்துகொண்டே முதுநிலை ஆய்வு முடிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்குள் கருத்தரங்கில் பேசி, வெளித்தேர்வாளர் ஒருவர் திருப்தி அடைந்தால், வெளிநாட்டில் முனைவர் படிப்புக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்தால் விரிவுரையாளர். திருப்தி அடையாவிட்டால் 1984 டிசம்பரோடு வீட்டுக்குப் போகலாம். துறைக்கு அந்த ஆண்டு ஓர் இடம்தான் இருந்தது.

மாதம் ஒரு சனிக்கிழமை கருத்தரங்கு நடக்கும். முன்வரிசை விரிவுரையாளர்களுக்கு, பின்வரிசை எங்களைப் போன்றவர்களுக்கு என்று யாரும் எழுதி வைக்காத ஒழுங்கு. திரையை இழுத்து அறையை இருட்டாக்கியதும் முன்வரிசையில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். விளக்கு எரிந்ததும் விழித்து, பேசியவரைக் கேள்வி கேட்பார்கள். பாசியைப் பற்றிப் பேசினாலும் சரி, வாழைக்கு வரும் வாடலைப் பற்றிப் பேசினாலும் சரி, ஒருவர் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: “உங்கள் ஒப்பீட்டுச் செடிகள் எங்கே?” ஏதும் செய்யாமல் விட்ட செடிகள் எங்கே, எதோடு ஒப்பிட்டு உங்கள் மருந்து வேலை செய்கிறது என்கிறீர்கள் என்று பொருள். நாங்கள் பின்னால் உட்கார்ந்து அவர் வாயசைவுக்கு ஒத்து வாயசைப்போம். பிறகு தேநீரும், கறி அடைத்துப் பொரித்த கறிபஃப்பும். அறிவியலில் எனக்குப் பிடித்த எல்லாமே அந்த அறையில்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பா ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். தமிழ் அவர் வாயிலிருந்து வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஆனால் என்னை ஆய்வுக்கு எடுக்க மற்ற இருவர் தயங்கியபோது எடுத்தவர் அவர்தான். இதை மறந்துவிட்டு எழுதினால் பிறகு வருவது பொய்யாகிவிடும்.

நான் எடுத்துக்கொண்டது ரப்பருக்கு வரும் வெள்ளை வேர் நோய். பழைய மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டை மண்ணுக்குள் கிடக்கும். அதில் தங்கியிருக்கும் பூஞ்சணம் வெள்ளை நூல் நூலாகக் கிளம்பி, பக்கத்தில் நட்ட கன்றின் வேரைப் பிடிக்கும். கன்று மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இலை மஞ்சளாகும்போது கீழே வேலை முடிந்திருக்கும். எங்கள் தோட்டத்தில் ஒரு பிளாக்கில் இந்த நோய் அதிகம். அதே மண்ணில், நோய் நெருங்காத சில மரங்களின் அடியிலிருந்து ஒரு பச்சைப் பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்தேன். கண்ணாடித் தட்டில் அது வெள்ளையை விழுங்கிவிடும். மண்ணிலும் விழுங்குமா என்பதுதான் என் ஆய்வு.

பூஞ்சணத்தை வளர்க்க, பாகான் செராய் அரிசி ஆலையிலிருந்து தவிடு வாங்கி வேகவைப்போம். கூழ்மம் கெட்டியாக, சீனர் கடையில் விற்கும் கடற்பாசிக் கட்டு. துறையின் பெரிய கொதிகலன் பழுதானபோதெல்லாம் என் அம்மாவின் பிரஷர் குக்கர்.

1983 தொடக்கத்தில், அந்த பிளாக்கில் நட்டிருந்த இளங்கன்றுகளைப் பிரித்துக்கொண்டேன். பாதிக்கு அடியில் பச்சைப் பூஞ்சணத் தவிடு. தண்டில் நீல வளையம். பாதிக்கு எதுவுமில்லை, சிவப்பு வளையம். வளையம் போட்டது அப்பா. வேலை நேரம் முடிந்து வந்து, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தண்டையும் துணியால் துடைத்துவிட்டுப் போட்டார். நான்காம் நிரையில் ஒரு கன்றுக்கு மட்டும் சிவப்புச் சாயம் அதிகமாகி, வளையத்திலிருந்து வால் மாதிரி கீழே வழிந்துவிட்டது. துடைக்கப் போனார். வேண்டாம், காயட்டும் என்றேன்.

பாதியை ஏன் சும்மா விட்டேன் என்று அவருக்குப் புரியவே இல்லை.

“மருந்து வைக்காம வுட்டா அதுங்க செத்துப்போவுமே, பாப்பா.”

“செத்தாத்தாம்பா எனக்கு நல்லது.”

அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இத்தன வருசத்துல மரம் செத்தா நல்லதுன்னு இந்தத் தோட்டத்துல எவனும் சொல்லி நான் கேட்டதில்ல. வெளிய சொல்லாத. சிரிப்பாங்க.”

பால் வெட்டி முடித்து, அதை நிறுத்துக் கொடுக்க ஸ்டோருக்குப் போகும் பெண்கள் என் பிளாக் வழியாகத்தான் போவார்கள். நான் அடித்தண்டைச் சுற்றி மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“ஏண்டி, மண்ணு நோண்ட வேணாம்னுதானே ஒன்ன யுனிவர்சிட்டிக்கு அனுப்புனாங்க? சுத்தி வந்து இங்கயே நோண்டுற?”

“எனக்கு நோண்டுறதுக்குச் சம்பளம் தர்றாங்கக்கா.”

“எங்களுக்கும்தான்லா தர்றாங்க. ஒனக்கு அப்பறமா நெழல்ல ஒக்காந்து எழுதுறதுக்கும் சேத்துத் தர்றாங்க. அதான் வித்தியாசம்.”

எனக்குக் காளான்காரி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் எனக்கு வருத்தமில்லை.

1984 நடுவில் சிவப்பு வளையக் கன்றுகள் மஞ்சளாகத் தொடங்கின. நிரை நிரையாகப் பார்த்தால் யாருக்கும் தெரியும்: நீலம் பச்சையாக நிற்கிறது, சிவப்பு சாகிறது. ஜூன் மாதத்தில் ஒருநாள் மேற்பார்வையாளர் தன் காரை அவரே ஓட்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் வந்து பார்த்தார். கழுத்தில் காமிரா. ஒரு சிவப்பு வளையக் கன்றை அசைத்துப் பார்த்து, மண்ணை விலக்கி, வெள்ளை நூல்களைப் பார்த்து, “பியூட்டிஃபுல்” என்றார். சாகிற கன்றுகளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். அடிவேரைத் தோண்டி வைத்தும் எடுத்தார். வால் வழிந்த வளையத்தைப் பார்த்து, இதென்ன என்று சிரித்தார். அப்பா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செத்துப்போகும் மரத்தைப் பார்த்துப் பெரிய படிப்பாளி சிரிப்பதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் லண்டன் கம்பெனிக்காக ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர் வருவதற்கு முன் தோட்டம் துடைக்கப்படும். லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு, சாக்கடைக்குச் சுண்ணாம்பு, சாலையோர மரங்களின் அடிக்குச் சுண்ணாம்பு. நோஞ்சான் மரங்களைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பையில் வளர்த்த நல்ல கன்றுகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். வருகிறவர் ஒரு மஞ்சள் இலையைப் பார்த்தால் மண்டோருக்குத்தான் ஏச்சு. வெள்ளைக்காரர் போய் வெகுகாலம் ஆகியும் வழக்கம் போகவில்லை. யார் வந்தாலும் துரை வருகிறார்தான்.

ஆகஸ்டில் நான் இரண்டு வாரம் தோட்டத்துக்குப் போகவில்லை. ஈப்போவில் வரைபடங்களுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். களப்பார்வைக்கு அனுமதி கேட்டுத் துறையிலிருந்து தோட்டத்து மேனேஜருக்குக் கடிதம் போனது. மேனேஜர் அலுவலக எழுத்தரான கிராணியிடம் சொன்னார். கிராணி, விடிகாலைப் பெரட்டில் ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது, இவ்வளவுதான் சொன்னாராம்: “பெரிய ஆளுங்க வர்றாங்க. மண்டோர் மவ பிளாக்க பாக்கத்தான் வர்றாங்க. பாத்துக்கங்க.”

பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை, பல்கலைக்கழக வேனில் ஒன்பது பேர் போனோம். மேற்பார்வையாளர், துறைத் தலைவர், முன்வரிசை ஆட்கள், அயல்நாட்டிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர். வேன் திரும்பியதும் முதலில் எனக்குத் தெரிந்தது வெள்ளை நிறம். பிளாக்கில் ஒரு கன்று விடாமல் தண்டில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நீல வளையமும் இல்லை, சிவப்பு வளையமும் இல்லை. தரையில் ஒரு சருகு இல்லை. படர்ந்திருந்த மூடுகொடிகளைச் சுரண்டி எடுத்து, மண்ணை வாரியிருந்தார்கள். ஓரத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, வடையும் தேநீரும் வைத்து, அம்மா தீபாவளிப் புடவையில் நின்றுகொண்டிருந்தார்.

மஞ்சள் இலை எங்கேயும் இல்லை. பிளாக் முழுக்கப் பச்சை.

நான் அப்பாவிடம் போனேன். மற்றவர்கள் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, செவப்புக் கண்ணுங்க எங்க?”

“எடுத்துட்டோம்லா.” அவர் குரலில் பெருமை. “செத்தது, சாவறது எல்லாம். ரெண்டு நாளு வேல. எல்லாரும் சும்மாவே வந்து செஞ்சாங்க, கூலி கேக்கல. அதே ஒசரம் பாத்து நல்ல கண்ணு வச்சிருக்கு, பாரு.”

“வேரு? வேரையாவது வச்சிருக்கீங்களா?”

“நோய் வேர யாராச்சும் வச்சிருப்பாங்களா? எரிக்கணும்னு நீதானே சொன்ன.”

சொன்னது நான்தான். நோய் பரவாமலிருக்க வேரை எரிக்க வேண்டும் என்று பால் வெட்டும் பெண்களுக்கெல்லாம் பாடம் நடத்தியிருந்தேன். பிளாக்கின் மூலையில் சாம்பல்கூட இல்லை. அதையும் கூட்டி அள்ளியிருந்தார்கள்.

அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “ஒன் மரம் பாதி செத்துக் கெடக்கு. வர்றவங்க பாத்தா என்னாத்த படிச்சான்னு கேக்க மாட்டாங்களா? அந்தக் காரு வச்ச சாரு அன்னிக்குப் பாத்துச் சிரிச்சதையே அப்பா தாங்கல. ஒரு வாரம் சாப்பாடு எறங்கல அவருக்கு.”

சாகும் கன்றுகள்தான் என் ஆய்வு, அவற்றின் சாவுதான் என் சாட்சி என்று தீபாவளிப் புடவை கட்டி நிற்கும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்து, அந்தத் தோல்வியை ஊரே சேர்ந்து மறைத்திருந்தது.

தேர்வாளர் தேநீர்க் கோப்பையோடு நிரைகளுக்குள் நடந்தார். நல்ல மனிதர், வடையைப் பாராட்டினார். பிறகு, “ஒப்பீட்டுச் செடிகள் எவை?” என்றார். வரைபடத்தை வைத்து எண்ணி, இது, இது, இது என்று காட்டினேன். எல்லாம் பளபளவென்று நின்றன. அவர் ஒன்றைப் பிடித்து லேசாக அசைத்தார். கையோடு வந்துவிட்டது. அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் பை. அவசரத்தில் யாரோ பையைக் கிழிக்காமலே புதைத்திருந்தார்கள். துறைத் தலைவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தூரத்தில் நின்ற தோட்டத்து ஆட்களும், பெரியவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்பா மட்டும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பும் வழியில் மேற்பார்வையாளர் எனக்குப் பக்கத்து இருக்கைக்கு மாறி வந்து உட்கார்ந்தார். தமிழில் பேசினார்.

“நான் அப்பவே சொன்னனான், தோட்டத்துக்குள்ள வைக்க வேண்டாமெண்டு. உங்கட ஆக்கள்தானே இதைச் செய்தது?”

“அவங்களுக்குத் தெரியாது சார்.”

“தெரியாதெண்டு அங்க போய்ச் சொல்லுவீங்களோ? உங்கட ஆக்கள் எண்டு மேடையில சொன்னா, உங்களுக்கும் அவைக்கும் என்ன வித்தியாசமெண்டு கேப்பினம்.”

“நீங்க ஜூன்ல வந்து பாத்தீங்களே சார். படம் எடுத்தீங்க. அந்த ஸ்லைட போட்டாப் போதும்.”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே சுண்ணாம்புக் குன்றுகள் ஓடிக்கொண்டிருந்தன. கன்றுகளுக்கு அடித்த சுண்ணாம்பும் அந்த மலையை உடைத்து, அந்தச் சூளைகளில் சுட்டு வந்ததுதான் என்று நினைத்தேன். நினைப்பதற்கு வேறொன்றும் அகப்படவில்லை.

பிற்பகலில் அறையை இருட்டாக்கினார்கள். தோட்டத்து மேனேஜரும் விருந்தினராக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் வரைபடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். காலாண்டுக்கு ஒருமுறை எடுத்த நோய்க் கணக்கு. சிவப்புக் கோடு ஏறுகிறது, நீலக் கோடு படுத்திருக்கிறது. ஆறேழு ஸ்லைடுகளும் இருந்தன. எல்லாம் துறையின் காமிராவில் சோதனை தொடங்கிய காலத்தில் எடுத்தவை. எல்லாக் கன்றும் நலமாக இருந்த காலம். விளக்கு எரிந்தது.

வழக்கமான அந்த ஒருவர் கையைத் தூக்கினார். “உங்கள் ஒப்பீட்டுச் செடிகள் எங்கே?”

அறை அதிரச் சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தக் கேள்வி முதல்முறையாக அன்றைக்குத்தான் பொருத்தமாக விழுந்தது.

தேர்வாளர் சிரிக்கவில்லை. “அவற்றை யார் பிடுங்கினார்கள்?” என்று கேட்டார்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் எழுந்து, வளையம் போட்ட ஆய்வுக் கன்றுகளைத் தொட அலுவலகம் எந்த உத்தரவும் கொடுக்கவில்லை, அப்படி யாரேனும் தொட்டிருந்தால் பெயரைச் சொல்லட்டும், நடவடிக்கை எடுக்கிறேன் என்று மிக மரியாதையாகச் சொன்னார். கிராணி வாயால் சொன்னதற்குச் சாட்சி பெரட்டில் நின்ற ஆட்கள்தான். முதல் ஆள் அப்பா. உத்தரவில்லாமல் கன்றைப் பிடுங்கி எரித்த மண்டோருக்கு என்ன ஆகும் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்: மேனேஜருக்கும் எனக்கும். வேலை போனால் லயத்து வீடும் போகும்.

“தோட்டத்தின் வழக்கமான பராமரிப்பின்போது அகற்றப்பட்டன” என்றேன். யார் என்று சொல்லாத வாக்கியம். அறிவியல் கட்டுரைகளில் அப்படித்தான் எழுதப் பழக்குவார்கள்.

“அப்படியானால் அவை நோயால் செத்தன என்பதற்கு உங்கள் எண்களைத் தவிர வேறு ஆதாரம்?”

“என் மேற்பார்வையாளர் ஜூன் மாதம் நேரில் பார்த்தார். படம் எடுத்தார்.”

எல்லாத் தலையும் திரும்பியது. அவர் எழுந்திருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஃபிலிம் கழுவப் போயிருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை” என்றார். அவ்வளவுதான். பார்த்தேன் என்றும் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை.

ஸ்லைடு ஃபிலிமை அப்போது வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும். சில வாரத்திலும் வரும், மாதக் கணக்கிலும் இழுக்கும். ஆகவே அவர் சொன்னது நடக்கக்கூடியதே. இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. ஏமாற்றுகிறவள் தன் ஆய்வைக் கெடுத்துக்கொள்ளும் விதமாகவா ஏமாற்றுவாள்? நல்ல கன்றை ஒப்பீட்டு இடத்தில் நட்டால் யாருக்கு லாபம்? படித்தவர்கள் நிறைந்த அறை. கறிபஃப் ஆறிவிடும் என்று எழுந்துவிட்டார்கள்.

வெளிநாட்டு இடம் அன்று முதலில் பேசியவருக்குப் போனது. வாழை வாடலைப் பற்றி நன்றாகவே பேசினார். தகுதியில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். என் ஆய்வேட்டை மீண்டும் இரண்டாண்டுச் சோதனை வைத்துச் சமர்ப்பிக்கலாம் என்று குறிப்பு வந்தது. ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறவளுக்கு இரண்டாண்டு அவகாசம். 1985-இல் பாகான் செராயில் ஓர் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். தவிடு வாங்கின ஆலை வழியாகத்தான் பள்ளிக்குப் போவேன்.

வீட்டில் நான் உண்மையைச் சொல்லவில்லை. இடம் ஒன்றுதான், வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். அப்பா அதை நம்பவில்லை. அவருக்குக் காரணம் தெரியும், அவரே கண்டுபிடித்திருந்தார்.

“அந்த ஒரு கண்ணு,” என்பார். “பையக் கிழிக்காம வச்சானே, அதான். மத்ததெல்லாம் சுத்தமா இருந்துச்சி. நான் ஒவ்வொண்ணா அசச்சிப் பாத்திருக்கணும். அந்த வெள்ளக்காரன் கையில அது ஏன் மாட்டணும்?”

“அதனால இல்லப்பா.”

“நீ சொல்ல மாட்ட. எனக்குத் தெரியாதா?”

துப்புரவு போதவில்லை என்பதுதான் அவர் கணக்கு. அம்மாவின் கணக்கும் அதுதான். கூடவே வடையில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்ற சந்தேகம். நான் எதையும் திருத்தவில்லை. திருத்தினால், அவர்கள் இன்னும் நன்றாகத் துடைத்திருந்தால் நான் இன்னும் மோசமாகத்தான் தோற்றிருப்பேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். கோபம் இல்லாமல் இல்லை. தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது, அம்மா சுண்ணாம்புக் குழம்பைக் கலக்கும் வாசனை வந்தால் பின்பக்கமாகப் போய் நின்றுகொள்வேன். தலைவலியா என்பார். ஆமாம் என்பேன்.

1987-இல் அதே கிளையில் ஒரு கருத்தரங்கு. பள்ளி ஆசிரியர்களும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். பேருந்தேறிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பேசியவர் என் பழைய மேற்பார்வையாளர். தலைப்பு, ரப்பர் வேர் நோயும் மண்ணில் அதற்கு இயற்கையாக உள்ள எதிரிகளும். திரை இருண்டது. நாலாவதோ ஐந்தாவதோ ஸ்லைடில், மஞ்சள் இலையோடு ஓர் இளங்கன்று. தண்டில் சிவப்பு வளையம். வளையத்திலிருந்து ஒரு வால் கீழே வழிந்து காய்ந்திருந்தது.

அது நான்காம் நிரைக் கன்று. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

“பேராக்கில் முன்பு நடந்து, நிறைவு பெறாமல் போன ஒரு சோதனையில் கண்டது” என்றார். அடுத்த ஸ்லைடு. அடுத்தது. எல்லாம் தெளிவான படங்கள். அடிவேரில் வெள்ளை நூல்கள் எண்ணக்கூடிய அளவுக்குத் தெரிந்தன. என் பூஞ்சணம் வேலை செய்தது என்று அந்தத் திரை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. யார் சோதனை என்று மட்டும் சொல்லவில்லை.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். “அந்தச் சிவப்பு வளையப் படம் எப்போது எடுத்தது, சார்?”

விளக்கு வெளிச்சத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “எண்பத்து நான்கு. ஆண்டின் நடுவில்” என்றார் ஆங்கிலத்தில். பிறகு இன்னும் ஏதோ சொல்லப் போகிறவர் போல வாயைத் திறந்தார். தலைவர் நன்றி சொல்லித் தேநீருக்கு அழைத்துவிட்டார்.

எடுத்த மாதம் எனக்கே தெரியும். நான் கேட்டிருக்க வேண்டியது வேறு. அந்தக் காலத்து ஸ்லைடுகளின் அட்டைச் சட்டத்தில், கழுவிய மாதமும் ஆண்டும் சிறிய எழுத்தில் அச்சாகி வரும். நான் படம் காட்டும் கருவி இருந்த மேசைக்குப் போவதற்குள், ஸ்லைடு அடுக்கிய தட்டை உதவியாளர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். பார்க்கலாமா என்றேன். “சார்கிட்ட கேளுங்க, டீச்சர்” என்றார். சாரைச் சுற்றிப் பலர் நின்றிருந்தார்கள். பாகான் செராய்க்குப் போகும் பேருந்துக்கும் நேரமாகியிருந்தது. பேருந்து ஒரு சாக்கு என்று நீங்கள் நினைத்தால் மறுக்கமாட்டேன்.

அதன்பின் அவரைச் சந்திக்கவில்லை. அவர் ஓய்வுபெற்று மகனோடு அயல்நாடு போய், அங்கேயே காலமானார். என் ஆய்வு பிளாக் எண்பதுகளின் கடைசியில் வீட்டுமனைக்கு விற்கப்பட்டது. பிடுங்காமல் நின்ற நீல வளையக் கன்றுகள் அதுவரை பால் கொடுத்தனவா என்று அப்பாவைக் கேட்டேன். “நல்லாக் குடுத்துச்சி” என்றார். “ஒன்னோட மரமெல்லாம் நல்ல மரம், பாப்பா. அந்த ஒரு கண்ணுதான்.”

துறை இடம் மாறியபோது பழைய ஸ்லைடுப் பெட்டிகள் எங்கே போயின என்று இரண்டுமுறை எழுதிக் கேட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, தேடிப் பார்த்தோம், தகவல் இல்லை என்று வந்தது. ஆகவே இதை இப்படியே பதிந்து வைக்கிறேன்: நான்காம் நிரைக் கன்றின் படம் 18.8.1984-க்கு முன்பே கழுவித் திரும்பி வந்திருந்ததா, பிறகுதான் வந்ததா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.